நான் கட்டிக் கொடுத்த சோறு

தகரம். வேறொன்றும் இல்லை, வெறும் மண்ணெண்ணெய்த் தகரம். அதைக் கட்டையால் அடிக்கிற சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டால் இரைச்சல், அவ்வளவுதான். அதே சத்தம் தண்ணீரைக் கடந்து வந்தால் வேறு மாதிரி ஆகிவிடும். யாரோ அழுது அழுது குரல் வற்றிப்போய் விக்குகிற மாதிரி. எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்னும் காதை விட்டு இறங்கவில்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட அந்தக் கப்பல்காரர் தட்டைத் தட்டிக்கொண்டு போனார் இல்லையா, அதற்குத்தான் நான் அப்படித் துள்ளினேன். உங்கள் சேலையெல்லாம் காப்பி. மன்னித்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரில் அலசாதீர்கள், உப்புப் பூத்துவிடும். உட்காருங்கள். போர்ட் பிளேருக்கு இன்னும் எவ்வளவோ தண்ணீர் கிடக்கிறது.

பயந்த சுபாவமா என்று கேட்டீர்கள். இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், செண்பகவல்லி டீச்சர் பயந்து பார்த்ததில்லை என்பார்கள். எனக்குப் பயம் உண்டு. நிறைய உண்டு. காட்டிக்கொள்ள மாட்டேன். அது வேறு, இது வேறு.

இதே கடலில்தான் முதலில் வந்தேன், கல்யாணமாகிப் புதிதில். பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன். அவருக்குத் தீவில் அரசாங்க டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேலை. பெயர் குற்றாலிங்கம், ஆய்க்குடிக்காரர். மெலிந்த ஆள், நீளமான விரல்கள். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது பூக்கட்டுகிற மாதிரி இருக்கும்.

கப்பலில் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நாலு பக்கமும் தண்ணீர். போகிற இடத்தில் காடு, அட்டை, கையளவு பூரான், ஓடையில் முதலை என்று கூட வந்தவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுற? ஊர்ல மலையடிவாரத்துல காட்டுப்பன்னியவே வெரட்டி வெரட்டி அடிச்சவன் நான்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படி ஒரு வீரனைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறோமே என்று. படித்த பாட்டுகளில் எந்தப் பெண்ணும் புருஷன் சட்டையைப் பிடித்துத் தொங்கியதில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்தக் கை நடுங்குவதை இவர் பார்க்கக் கூடாது.

அப்புறம் அவர் பார்க்கவே இல்லை. அந்த விஷயத்தில் எனக்குப் பெருமைதான்.

நாங்கள் இருந்த இடம் காட்டைத் திருத்தி ஊராக்கிய இடம். பாதிப் பேர் திருநெல்வேலிச் சீமை. எதிரே, கடலுக்குள், ஒரு தீவு. அதற்குப் பெயர்கூட இல்லை. எதிர்த்தீவு என்பார்கள். ஆள் கிடையாது, மான் மட்டும். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் பெருகிப்போய்த் தீவுக்குத் தீவு நீந்தி வந்து வயலை அழித்துக்கொண்டிருந்த காலம். பயிர்க் காவலுக்கென்று சிலருக்குத் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். மரம் வெட்டுகிற இடத்தில் மேஸ்திரியாக இருந்த மாசானம் அண்ணாச்சியிடம் ஒன்று இருந்தது.

மாசானத்தின் மனைவி பிச்சம்மா என் பக்கத்து வீடு. என்னைவிட மூத்தவள், என்னைக் 'கம்பவுண்டரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் தண்ணீர் எடுக்கிற இடத்தில், "ஒங்க வீட்டுக்காரரு ரொம்ப மெலிசு, இந்தக் காட்டுல தாக்குப்பிடிப்பாரா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுக்காரர் ஊர்ல பன்னி வேட்டைக்குப் போனவர். எங்களுக்கென்ன?" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மறுநாள் மாலையே மாசானம் வந்து நின்றார். "வே கம்பவுண்டரே, பொல்லாத ஆளா இருக்கீரே! இவ்வளவு நாளா ஊசியக் காட்டிப் பிள்ளைகள மட்டும் மெரட்டிட்டு இருந்தீராக்கும்? வாரும், எதிர்த்தீவுக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

திட்டமெல்லாம் எங்கள் வீட்டில்தான். அந்தப் பக்கத்திலேயே சிமெண்டுத் தரை போட்ட வீடு எங்களுடையதுதான், டிஸ்பென்சரியின் பின்கட்டு. மாசானம் சாக்கட்டியால் தரையில் தீவை வரைந்தார். ஒரு பக்கம் மணல்கரை, ஒரு பக்கம் கண்டல் காடு, வேரும் சேறுமாக முதலை கிடக்கிற பக்கம். நடுவில் மேடு. பொட்டுக்கடலையை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். இது நாய்கள். இது தகரம் அடிக்கிற ஆட்கள். இது படகும் துப்பாக்கியுமாகத் தாசையா, மாசானத்தின் மைத்துனன். தகரத்தை அடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினால் மான் தகரத்துக்குப் பயந்து எதிர்ப்பக்கம், மணல்கரைக்கு ஓடும். ஓடி வந்து வெளிப்படுகிற இடத்தில் ஒருவர் தனியாக நிற்க வேண்டும்.

"இது நீரு, என் துப்பாக்கியோட" என்று ஒரு கடலையைத் தனியே, சாக்கட்டிக் கோட்டின் கடைசியில் வைத்தார். "சுட்டுப் போட்டாலும் சரி, வெரட்டிக் கடல்ல எறக்குனாலும் சரி. தண்ணியில எறங்கினத தாசையா பாத்துக்கிடுவான்."

"முதலை?" என்று கேட்டார் அவர், விளையாட்டாக.

"முதலைக்கு ஒம்ம ஒடம்பு எந்தப் பல்லுக்குக் காணும்?" என்றார் மாசானம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அடுப்படியிலிருந்து சிரித்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இல்லாவிட்டால் வேறு சத்தம் வந்திருக்கும்.

வானம் தெளிய வேண்டும் என்று வேட்டை தள்ளிக்கொண்டே போனது. தரையில் அந்தப் படம் அப்படியே கிடந்தது. நான் சுற்றிச் சுற்றிப் பெருக்குவேன். அந்த ஒற்றைக் கடலை இருக்கிறதே, அதைப் பார்த்தாலே போதும். கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். ஒருநாள் காலையில் பார்த்தால் கடலையைக் காணோம், எறும்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. உடனே டப்பாவிலிருந்து வேறொரு கடலை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். இன்னொரு நாள் அவரே கவனமில்லாமல் படத்தின் மேல் நடந்து, தீவில் பாதி அழிந்துவிட்டது. சாக்கட்டியை எடுத்து நான்தான் சரியாக வரைந்து வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றார். "அப்படியே வரைஞ்சிட்டியே" என்றார். ஆமாம், எனக்குக் கை சுத்தம்.

என்மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா? அந்த நாட்களில்தான் எனக்கே தெரிந்தது. "செண்பகம், உனக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கா? இருந்தா சொல்லு, நான் போகலை" என்பார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்பேன். "ராத்திரி தனியா இருந்துக்கிடுவியா? பயந்துக்கிடுவியே" என்பார். எனக்கென்ன பயம் என்பேன். "பிரசவக் கேஸ் ஏதும் வந்துட்டா?" என்பார். "நர்ஸம்மா இருக்காங்க, நீங்க நிம்மதியாப் போங்க" என்பேன். ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல் கொஞ்சம் கலங்கலா இருக்கு இல்ல?" என்றார். எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கிடந்தது. "இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவர் கை ஜில்லென்று இருந்தது. கடற்காற்று.

உள்ளே எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? அவர் தூங்கினதும் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று. கண்ணை மூடினால் கண்டல் வேர்களுக்கு நடுவில் ஒரு செருப்பு மட்டும் மிதக்கும். 'போகாதீங்க' என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து நிற்கும். விழுங்கிவிடுவேன். ஒரு மீன் முள்ளை விழுங்குகிற மாதிரி, ஒவ்வொரு நாளும்.

பிச்சம்மாதான் அந்த வழக்கத்தைச் சொன்னாள். வேட்டைக்கு முதல் நாள். "காலையில சோறு கட்டணும் கம்பவுண்டரம்மா. வெள்ளைத் துணியில கட்டணும், எலையில சுருட்டிக் கொடுத்தா ஆகாது. பொம்பளை சோறு கட்டிக் கொடுத்தாத்தான் ஆம்பளை படி எறங்குவான். கட்டலன்னா வீட்டுல இருந்துக்கிடுவான். ஏன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாவ. கேலியும் பண்ணமாட்டாவ. கேட்டா சாமி குத்தம்."

"நீங்க கட்டாம இருந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எத்தன தடவ! ஒருக்க உப்பு இல்லன்னேன். ஒருக்க அரிசி வேகலன்னேன். அந்த மனுசன் போயி மறுபடியும் படுத்துக்கிட்டாரு. மத்தியானம் முழுக்க எனக்கு வெறகு ஒடச்சுக் கொடுத்தாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. படிக்காதவள். அவ்வளவு பெரிய மேஸ்திரி, வீட்டில் விறகு உடைக்கிறார்.

டிஸ்பென்சரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காய வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "இதுலதான் கட்டணுமா?" என்றார். ஆமாம், இது இல்லாமல் போகக் கூடாதாம் என்று சொன்னேன். கட்டாவிட்டால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன், வேடிக்கையாக. "தெரியும், மாசானம் சொன்னார்" என்றார்.

விடிகிற நேரம். சோறு வடித்தாயிற்று, புளி விட்டுக் கிளறியாயிற்று. கொடியில் துணியைக் காணோம்! வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பெட்டியில் இல்லை, பாயடியில் இல்லை. அவர் குளித்துவிட்டு நடையில் உட்கார்ந்திருந்தார், தேடுகிறதைப் பார்த்துக்கொண்டு. "கிடைக்கலையா? சரி விடு" என்றார். எவ்வளவு பொறுமை பாருங்கள். வேறு ஆளாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பார்.

"சரி விடு செண்பகம். கிடைக்கலன்னா என்ன செய்ய முடியும்?"

எனக்குக் கண்ணீர் முட்டியது. என்னால் இவருக்குத் தலைகுனிவு வரலாமா? பெட்டியைத் திறந்தேன். அவருடைய கல்யாண வேட்டி இருந்தது. பட்டுக் கரை. பல்லால் கடித்து ஒரே கிழி. அந்தக் கிழிபட்ட சத்தத்துக்கு அவர் எழுந்தே நின்றுவிட்டார். சோற்றை வைத்து, முடிச்சுப் போட்டு, நீட்டினேன். நெடுநேரம் அந்த மூட்டையையே பார்த்தார்.

"உப்புப் போட்டியா?"

"போட்டேன்."

"செண்பகம், ஏதாவது சொல்லணுமா?"

"போயிட்டு வாங்க" என்றேன். குரல் தடுமாறவே இல்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே மாசானத்தின் சத்தம். "என்ன கம்பவுண்டரே, சோறு கட்டியாச்சா, இல்ல நாங்க மட்டும் போகட்டுமா?" அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உணர்ச்சிவசப்பட்டிருப்பார். நான்தான் உள்ளேயிருந்து உரக்கச் சொன்னேன்: "கட்டியாச்சு அண்ணாச்சி!"

படகு போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் விழுந்தேன். பல் கிட்டித்துக்கொண்டது. உடம்பு அதன் பாட்டுக்கு ஆடியது. பிச்சம்மா வந்து தட்டினபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

இருவரும் கரைக்குப் போனோம். காற்றே இல்லாத காலை. முதலில் நாய்கள் கேட்டன. அப்புறம் தகரம், மேட்டிலிருந்து இறங்கி, இறங்கி. பிறகு ஒரு வெடி. தகரம் நின்றது.

"மான் விழுந்தாச்சு" என்றாள் பிச்சம்மா. எனக்கு மூச்சு வந்தது. மிளகு அரைக்க வேண்டுமே என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கடல் சும்மா கிடந்தது. அப்புறம் மறுபடியும் தகரம். இந்தத் தடவை இறங்கவில்லை, நகரவும் இல்லை. ஒரே இடத்தில் நின்று அடித்தார்கள். அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிச்சம்மா என் கையைப் பிடித்தாள்.

"கம்பவுண்டரம்மா, இது வேட்டைத் தகரம் இல்ல. யாரையோ கூப்பிடுதாவ."



வெயில் ஏறினபோது படகு வந்தது. ஒரு மான் கிடந்தது, கண் திறந்தபடி. மாசானம் இறங்கி என் முன்னால் நின்றார். அவ்வளவு பெரிய ஆள், உதடு நடுங்கியது. வெடி தாசையாவுடையதாம். "நிப்பாட்டுன எடத்துல ஆள் இல்ல தங்கச்சி. துப்பாக்கி மரத்துல சாஞ்சிருக்கு. சோத்து மூட்டை கொப்புல தொங்குது. அவிழ்க்கவே இல்ல."

"ஏ பாவி, அவருக்குப் பழக்கம் இல்லாத காட்டுல தனியா நிறுத்துனியே!" என்று பிச்சம்மா புருஷனை அடித்தாள், எல்லார் முன்னாலும். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "தேடுங்க அண்ணாச்சி" என்றேன். உள்ளங்கையில் நகம் இறங்கி ரத்தம் வந்திருந்தது. கையை மூடிக்கொண்டேன்.

ஊரில் இருந்த தகரமெல்லாம் எதிர்த்தீவுக்குப் போயிற்று. வழி தவறினவருக்குச் சத்தம் கேட்கட்டும், கேட்டு வரட்டும் என்று மேட்டின் மேல், மணல்கரையில், சுற்றி நின்று அடித்தார்கள். அன்று பகல் முழுக்க. இருட்டின பிறகும் அடித்தார்கள். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவர் ஒரு எட்டு இந்தப் பக்கம் எடுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்துத்தான் அந்த இரவைக் கடந்தேன்.

மறுநாள் தாசையாதான் கண்டுபிடித்தான். மணல்கரைப் பக்கம் இல்லை. நேர் எதிரே, கண்டல் காட்டின் கடைசியில், அதற்கு அப்பால் ஓட இடமே இல்லாத இடத்தில். கழுத்துவரை தண்ணீரில், ஒரு வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தாசையா கையில் தகரம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொண்டாராம். தகரத்தைத் தூர எறிந்த பிறகுதான் கையைக் கொடுத்தாராம்.

நாய்களும் மானும் ஒன்றாகப் பாய்ந்து வந்ததில் மிரண்டு ஓடியிருக்கிறார். அப்புறம் தகரச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டதோ அதற்கு எதிர்ப்பக்கமே போயிருக்கிறார். நாங்கள் அடிக்க அடிக்க அவர் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறார். "தகரம் என்னை வெரட்டிக்கிட்டே வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிட்டேன். அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம். கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"உனக்குப் பயமாவே இல்லையா செண்பகம்?"

எத்தனை நாள் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு! நிமிர்ந்து, சிரித்தேன். "கொஞ்சம்கூட இல்லை. நீங்க வந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உடம்பைத் தேற்றிக்கொண்டு வருகிறேன் என்று அடுத்த கப்பலில் ஊருக்குப் போனார். "நீ இங்கேயே இருந்துக்கிடுவ. உனக்கு யாரும் தேவையில்லை" என்றார் போகும்போது. எவ்வளவு பெரிய பாராட்டு. வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டைக் காலி செய்யும்போது துணி கிடைத்தது. அரிசிப் பானைக்குப் பின்னால், நாலாக மடித்து, மேலே ஒரு செங்கல் வைத்து. எலி வேலையாக இருக்கும். செங்கல்லை எலி எப்படித் தூக்கியது என்று கேட்காதீர்கள். தீவு எலிகளை நீங்கள் பார்த்ததில்லை.

ஏன் இப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டீர்கள் இல்லையா? அவர் காரியம் முடிந்து, தாமதமாகத்தான் எனக்குத் தகவல் வந்தது. போனேன். அங்கே ஒரு அம்மாள் இருந்தாள், வேலம்மாள் என்று பெயர். ஊருக்குத் திரும்பினதும் அவளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமில்லை. வயது போன காலத்தில் கோபம் எதற்கு? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கப்பல்ல அவ்வளவு தூரம் தனியாவா வந்தீய? பயமா இல்லையா?" என்றாள். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவளாம். பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டுவாளாம்.

"அவுக வெளியூர் போறேன்னு சொன்னாப் போதும்க்கா, நான் அழுதுருவேன். ஒடனே சட்டையக் கழத்திப் போட்டுட்டு உக்காந்துருவாக. மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு."

பாவம், அவரை எப்படிக் கட்டிப்போட்டு வைத்திருந்திருக்கிறாள் பாருங்கள். பன்றி வேட்டை ஆடின மனிதர். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியோடு எப்படித்தான் ஒரு ஆயுளைக் கழித்தாரோ, எனக்கு விளங்கவில்லை.

ஆய்க்குடியிலேயே சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருந்தார். போன மாசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேலம்மாள் பக்கத்தில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.